ஆயா வேலை

எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அம்மாவைப் பெற்றவளும் ஆயாதான், அப்பாவைப் பெற்றவளும் ஆயாதான். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சேரிக் குழந்தையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். ஆஸ்பத்திரியில் ஆயா என்றால் வேறு. பீத்துணி அலசுகிறவள், மூத்திரச் சட்டி எடுக்கிறவள், பிணத்தைத் துடைத்துக் கட்டிக் கொடுக்கிறவள். என் அம்மா 1994இல், தன் முப்பத்திரண்டாவது வயதில், ஒரு ஆஸ்பத்திரியில் தினக்கூலியாகச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே எல்லோருக்கும் ஆயா ஆகிவிட்டாள். அவளைவிட இருபது வயது மூத்த ஆண்கள்கூட “ஏ ஆயா, இங்க வா” என்றுதான் கூப்பிட்டார்கள். பேரன் பேத்தி எடுத்தபிறகு மரியாதையாக வரவேண்டிய பேர், அதற்கு முன்னாலேயே வேலையோடு சேர்ந்து அவள்மேல் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் “ஆயா பொண்ணு” என்று சொன்னபோது நான் அழுதிருக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள். அந்தப் பயிற்சிக்கு ஒரு கையேடு வேண்டும். டாக்டர்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவள், இயக்க வேலைகளில் இருப்பவள், கிராமத்துப் பேச்சு தெரிந்தவள் என்று என்னிடம் அதைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டேன்.

அவசியமான வேலைதான், சந்தேகமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே அறுபது வயதைத் தாண்டியவர்கள் இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். முதியோர் மருத்துவத்துக்கென்று தேசியத் திட்டம் 2010இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு 1996இலேயே வந்துவிட்டது. டாக்டருக்குப் பட்டம் வந்தது. கையைப் பிடித்து கக்கூசுக்கு அழைத்துப் போகிறவளுக்கு என்ன வந்தது? இப்போது சில மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் இருபத்தைந்து வருடம் இதையே செய்துவிட்டு ஒரு காகிதமும் இல்லாமல் வீட்டுக்கு வந்த என் அம்மாவைப் போன்றவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

முதல் நாளே ஒரு சொல்லில் தகராறு வந்தது. பயிற்சி முடித்த பெண்ணுக்கு என்னென்ன தெரிந்திருக்கவேண்டும், என்னென்ன செய்துகாட்ட முடியவேண்டும் என்ற பட்டியல்தான் கையேட்டின் முதுகெலும்பு. அதற்கு ‘தகுதிகள்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். நான் கூடாது என்றேன். மண்டல் பரிந்துரையை 1990இல் அமல்படுத்த முனைந்தபோது ‘தகுதி, திறமை’ என்று எழுந்த கூச்சல் இன்னும் ஓயவில்லை. நம்மை வாசலில் நிறுத்துவதற்குப் பயன்பட்ட சொல் அது. ‘செய்துகாட்டும் திறன்கள்’ என்று மாற்றினோம். ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே, “பேர்ல என்னங்க இருக்கு?” என்றார். பேரில்தான் இருக்கிறது என்பது ஆயா பொண்ணுக்குத் தெரியும்.

பட்டியலில் இரண்டு பத்திகள். செவிலியருக்கு இருபத்தாறு வரிகள். பிரஷர் பார்த்தல், சர்க்கரை பார்த்தல், புண்ணுக்கு மருந்து கட்டுதல், மூத்திரக் குழாய் பராமரிப்பு, மாத்திரைகளைச் சரிபார்த்தல் என்று விவரமாக இருந்தது. உதவியாளருக்கு மூன்றே வரிகள்: சுத்தம் செய்தல், உணவு ஊட்டுதல், உடன் இருத்தல். அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சுத்தம் செய்றதுன்னா இன்னாடி? தரையவா, ஆளையா?”

எனக்குப் பதில் வரவில்லை. அவளே சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

“மொதல்ல கைய தேச்சி சூடு பண்ணிக்கணும். சில்லுன்னு கைய வெச்சா கெழம் ஒடம்ப இறுக்கிக்கும், அப்பறம் பொரட்ட முடியாது. தொடறதுக்கு முன்ன ‘தாத்தா, தொடக்கிறேன்’னு சொல்லணும், காது கேக்காட்டியும் சொல்லணும். மேல துணி போத்திக்கினுதான் கீழ துணிய உருவணும். பொம்பளையா இருந்தா முன்னாலேருந்து பின்னால தொடைக்கணும், பின்னாலேருந்து முன்னால வந்தா மூத்திரத்துல சீழ் வெச்சிக்கும். தொடை இடுக்கு, மார் அடி, ஈரம் இல்லாம ஒத்தி எடுக்கணும். பீ கல்லா வருதா, தண்ணியா வருதா, கருப்பா வருதான்னு பாக்கணும். மூத்திரம் எவ்ளோ மஞ்சள், எவ்ளோ நாத்தம். சோறு ஊட்டுனா ஒக்கார வெச்சிதான் ஊட்டணும். தொண்டை ஏறி எறங்குதான்னு பாத்துட்டுதான் அடுத்த வாய். சாப்ட்டதும் படுக்க வெக்கக்கூடாது, அரை மணி நேரமாவது ஒக்காரட்டும். கன்னத்துல சோறு ஒதுக்கி வெச்சிருக்கும், வெரல வுட்டுப் பாக்கணும்.”

ஒரு மணி நேரம் சொன்னாள். ‘சுத்தம் செய்தல்’ என்ற ஒரு வரி பத்தொன்பது வரியானது. கையேட்டுக் குழுவில் இருந்த மூத்த செவிலியர் ஒருவரிடம் காட்டினேன். ஒன்றைக்கூட அடிக்கவில்லை. “இதெல்லாம் நாங்க பாடத்துல படிச்சது. உங்க அம்மா எங்க படிச்சாங்க?” என்றார்.

எங்கே படித்தாள்? ஆஸ்பத்திரி வராந்தாவில், திட்டு வாங்கிக்கொண்டு படித்தாள். ஒருமுறை வார்டில் ஒரு கிழவி. நேற்றுவரை அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள், அன்று காலையில் செத்துப்போன புருஷனோடு பேசிக்கொண்டு, துணியை அவிழ்த்துக்கொண்டு இருந்தாள். வயசானா அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். அம்மா மட்டும், “மூத்திரம் ராத்திரியிலேருந்து நாறுது, ஒடம்பு அனல் அடிக்குது, டாக்டர கூப்புடுங்கம்மா” என்று நர்சிடம் சொல்லியிருக்கிறாள். “ஒன் வேலை எதுவோ அதப் பாரு ஆயா” என்று பதில் வந்தது. மறுநாள் சாயங்காலம் நினைவு தப்பி அந்தக் கிழவியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதியவர்களுக்குத் திடீரென்று வரும் குழப்பம் பைத்தியமும் அல்ல, வெறும் வயசுக் கோளாறும் அல்ல; மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், ஒத்துக்கொள்ளாத மாத்திரை என்று உள்ளே ஒரு காரணம் இருக்கும், தேட வேண்டும். அந்த ஆங்கிலக் கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது இதைத்தான். என் அம்மா சொன்னபோது அது அறிவாக எடுபடவில்லை. பீ அள்ளுகிறவளின் வாயிலிருந்து வந்ததால்.

கையேட்டில் இன்னொரு வரி. படுக்கைப் புண் வருவதற்கு முன் தோல் சிவக்கும். இடுப்பு, குதிகால், முதுகெலும்பு முனை ஆகிய இடங்களில் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கவேண்டும். இதைப் படித்ததும் அம்மா சிரித்துவிட்டாள்.

“நம்ப ஒடம்பு எங்கடி செவக்கும்? ஒங்க ஆயா கருப்புல எங்க போயி செவப்ப தேடுவ? பொறங்கைய வெச்சிப் பாக்கணும். சுத்தி இருக்கற எடத்தவிட சூடா கீதா, கெட்டியா கீதா, இல்ல கொழகொழன்னு கீதா. அங்க தேய்க்கக் கூடாது. எலும்பு மேல எடம் கன்னிப் போயிருந்தா தேய்ச்சா உள்ள இன்னும் நஞ்சிப் போவும். பொரட்டிப் போட்டு, அந்த எடம் படாம தலாணி குடுக்கணும். ரெண்டு மணிக்கு ஒருக்கா.”

டாக்டரிடம் கேட்டேன். அவர் நேர்மையானவர். “உண்மைதான். கருத்த தோல்ல சிவப்புத் தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, வலி இதையெல்லாம் தொட்டுத்தான் பாக்கணும்னு இப்ப சொல்றாங்க. நாங்க படிச்ச புத்தகத்துல படமெல்லாம் வெள்ளைக்காரன் தோல்” என்றார். சிவக்கும் என்ற வரியை எடுத்துவிட்டு, ‘புறங்கையால் தொட்டுப் பார்’ என்று எழுதினோம்.

எழுதிவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொட்டுப் பார் என்று எழுதிவிட்டோம். யார் தொடுவது? யாரைத் தொடுவது? கருத்த உடம்பில் புண் வருவதைக் கண்டுபிடிக்கத் தொட்டே ஆகவேண்டும் என்றால், சேரிக்குள் வந்து எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு அது தெரியவே தெரியாது. அவள் நோட்டில் ‘புண் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவாள். தீண்டாமை நம் கிழவர்களின் இடுப்பில் குழி பறிக்கும். குழி எலும்பு வரைக்கும் போகும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஆயா இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டது. பதினான்கு மாதம். அம்மா ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு வந்து ஆயாவைப் புரட்டுவாள், கழுவுவாள், மறுபடி தூக்குவாள். சாகிறவரைக்கும் ஆயாவின் உடம்பில் ஒரு புண் கிடையாது. நான் என்ன செய்தேன்? அம்மா டியூட்டிக்குப் போன நேரங்களில் ஆயா நனைத்துக்கொண்டால், பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடுவேன். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவேன். ஆயா கையை நீட்டும். நான் பக்கம் புரட்டுவேன். அம்மாவே சொல்லியிருந்தாள், “நீ தொடாத. நீ படிக்கிற புள்ள.” நமக்குப் படிப்பு என்பதே இந்த வேலையிலிருந்து தப்பிப்பதாகத்தான் சொல்லித்தரப்பட்டது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் சொந்த ஆயாவை நானே தீண்டவில்லை என்பதும் நடந்தது. அதை எந்தத் தத்துவத்தாலும் மூடிவிட முடியாது.

பயிற்சி ஐந்து நாள். பதினாறு பெண்கள். ஊரிலிருந்து ஒன்பது பேர், காலனியிலிருந்து ஏழு பேர். அம்மாவையும் பயிற்றுநராகக் கூப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சான்றிதழ் இல்லையே என்றார்கள். சான்றிதழ் கொடுக்காதது யார் என்று கேட்டேன். கடைசியில் ‘செய்முறை உதவி’ என்று பேர் வைத்து, செவிலியருக்குக் கொடுத்ததில் பாதிச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள், சர்க்கரை உள்ள முதியவர்களின் பாதத்தைச் சோதிக்கும் பாடம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கும், முள் குத்தினாலும் தெரியாது. அதனால் பாதத்தைக் கையில் எடுத்து, விரல் இடுக்குகளை விரித்து, அடியைத் தடவிப் பார்க்கவேண்டும். ஒருவருக்கொருவர் செய்து பழகவேண்டும். ஊர்த் தெரு அக்கா ஒருவருக்கு ஜோடியாக அம்மாவை உட்கார வைத்தார்கள். அம்மா பழக்க தோஷத்தில் குனிந்து அந்த அக்காவின் காலை எடுக்கப் போனாள். எனக்குச் சுருக்கென்றது. “யம்மா, நீ எடுக்காத. அவங்க ஒன் கால பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். கூடம் அமைதியாகிவிட்டது.

அந்த அக்கா கெட்டவர் இல்லை. முதல் நாளிலிருந்து கவனமாகக் குறிப்பு எடுத்தவர். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “கிளவுஸ் குடுங்க” என்றார். கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு அம்மாவின் பாதத்தை எடுத்து முறைப்படி பார்த்தார். முடிந்ததும் ஜோடி மாற்றினார்கள். அடுத்து வந்தது அவர் தெருப் பெண். கிளவுசைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் பார்த்தார்.

யாரும் எதுவும் பேசவில்லை. எல்லோரும் பார்த்தோம்.

செவிலியர்தான் பேசினார். மருத்துவம் சொல்வதை மட்டும் சொன்னார். “ரத்தம், சீழ், மலம், மூத்திரம், புண் இருந்தா கையுறை கட்டாயம். யாரா இருந்தாலும் கட்டாயம். புண் இல்லாத காலுக்குக் கையுறை தேவையில்ல. யாரா இருந்தாலும் தேவையில்ல. கைய சோப்புப் போட்டுக் கழுவினா போதும்.” அந்த இரண்டு ‘யாரா இருந்தாலும்’ எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்று இரவே கையேட்டில் அதைச் சேர்த்தேன். நோயிலிருந்து காப்பதற்கு வந்த கையுறை, சாதியைக் காப்பதற்கும் உதவுமென்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும்.

அந்த நிறுவனம் 2019இல் வெளியிட்ட கையேட்டில் முதியவர்களுக்கு எளிய சோதனைகள் இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றை நாங்களும் எடுத்திருந்தோம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரவேண்டும், 14 நொடிக்குள். முடியாவிட்டால் காலில் பலம் குறைந்திருக்கலாம், விழும் ஆபத்து இருக்கலாம் என்று அர்த்தம். நல்ல சோதனை. நான்காம் நாள் எங்கள் காலனியில் ஒரு தாத்தாவிடம் செய்யப் போனோம். நாற்காலி போட்டோம். ஊர்த் தெருப் பெண் கையில் கடிகாரத்தோடு எதிரில் நிற்கிறாள். தாத்தா உட்காரவில்லை. “பரவால்ல தாயி, நான் கீழயே குந்திக்கிறேன்” என்கிறார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பெண் ‘முடியவில்லை’ என்று குறித்துக்கொண்டாள். அதே தாத்தா அன்று காலையில்தான் ஏரிக்கரையில் குந்தி எழுந்து விறகு பொறுக்கிக்கொண்டு வந்தவர். அவருக்குக் காலில் பலம் இல்லாமல் இல்லை. ஊர்க்காரர்களுக்கு எதிரில் நாற்காலியில் உட்காராமல் எழுபது வருடம் பழக்கப்படுத்தப்பட்ட உடம்பு அது. இதையும் தெரிந்துகொண்டு சோதிப்பதுதான் திறன். கடிகாரம் பார்ப்பது மட்டும் திறன் ஆகாது.

ஊர்த் தெருவில் நிலைமை வேறு மாதிரி. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கும் ஓர் அம்மாள். காலனிப் பெண் போகிறாள். பின்பக்கமாக வரச் சொல்கிறார்கள். கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், கழுவிவிடலாம். தாகம் என்றால் சமையலறையில் தண்ணீர் மொண்டு கொடுக்கக் கூடாது. அதற்கு வேறு ஆள் வரும்வரை அந்த அம்மாள் வறண்ட நாக்கோடு காத்திருப்பார். முதியவர்களுக்கு நீர்ச்சத்து குறைந்தால் மயக்கம் வரும், குழப்பம் வரும், விழுவார்கள். தீண்டாமை தீண்டுகிறவளை அவமானப்படுத்தும்; படுத்துக் கிடக்கிறவளைக் கொல்லவும் கொல்லும். அந்த வீட்டு வாசலில் நின்று எங்கள் பெண் என்ன செய்யவேண்டும்? சகித்துக்கொள்வது திறன் என்று எழுதவா? மறுத்துவிட்டேன். நடந்ததை எழுதிக் கொடுப்பது, நிறுவனம் நேரில் போய்ப் பேசுவது, மாற்றாவிட்டால் ஆளை அனுப்ப மறுப்பது, தேவைப்பட்டால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்துவது என்று நான்கு வரிகள் எழுதினேன். இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். எந்த இரண்டு என்று தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்று நிலைத்தது. இறுதித் தேர்வு எப்படி வைப்பது என்ற பேச்சு வந்தபோது, கூடத்தில் பொம்மையை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் ஏழு பேரும் செவிலியரும் ஒரே குரலில் சொன்னோம்: வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொருத்தியும் ஊர்த் தெருவில் ஒரு வீடு, காலனியில் ஒரு வீடு. ஒரே வேலையை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி செய்து காட்டினால்தான் தேர்ச்சி. ஒரு தெருவில் மட்டும் வரும் திறன் திறன் இல்லை. சண்டை போட்டு இதை வாங்கினோம்.

தோழர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: இந்த வேலையைப் பெருமைப்படுத்தினால் மறுபடியும் நம் பெண்கள் தலையில்தானே கட்டுவார்கள்? சரியான பயம். ‘உங்க கைக்குத்தான் இது வரும்’ என்று பாராட்டியே காலம் காலமாக நம்மைக் குனிய வைத்தவர்கள் அவர்கள். அதனால்தான் சொல்கிறேன். பாராட்டு வேண்டாம். இந்த வேலையில் அறிவு இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளட்டும், அதற்குச் சம்பளம் கொடுக்கட்டும், சான்றிதழ் கொடுக்கட்டும். பிறகு அந்த அறிவை எல்லாச் சாதிக்காரர்களும் குனிந்து உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். படித்துவிட்ட நாமும்தான்.

அம்மாவுக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது. பயிற்சி முடிந்த சில மாதங்களில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் பதினைந்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. முதல் நாள் ராத்திரி அவளைப் புரட்டப் போனேன். கையேடு எழுதியவள் நான். பத்தொன்பது வரியும் மனப்பாடம். போர்வையை விலக்கி இடுப்பில் கையை வைத்தேன். உடம்பை இறுக்கிக்கொண்டாள்.

“கை சில்லுன்னு கீதுடி” என்றாள். “தேச்சிக்கினு வா.”